‘மணல்’ மேல் ஒரு புள்ளி விழ 72 படங்கள்

இல்லாத புத்தகங்களுக்கு அட்டை செய்வது என் நெடுநாள் பழக்கம். ஒரு சொல்லை எடுத்துக்கொள்வேன், எழுத்துகளை நானே வரைவேன், அட்டை முடிந்ததும் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். இந்த முறை எடுத்த சொல் ‘மணல்’. மூன்றே எழுத்துதான். மூன்று வாரம் ஆகியும் அதைவிட்டு நகர முடியவில்லை. இந்த அட்டை அசைந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

அந்த ஆசையைக் கிளப்பியவர் அமெரிக்க வரைகலை வடிவமைப்பாளர் சால் பாஸ். 1955-ல் வந்த ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்தின் டைட்டில் காட்சியில், கறுப்புத் திரைக்குள் வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றாக நுழையும். கடைசியில் கோணல்மாணலாக முறுக்கிய ஒரு கை வந்து நிற்கும். போஸ்டரிலும் அதே கைதான். என் அட்டையிலும் அப்படி ஒரே ஒரு பொருள் அசைந்தால் போதும் என்று தோன்றியது. தேட வேண்டியிருக்கவில்லை. ‘ல்’ மேலிருக்கும் புள்ளி ஒரு மணல்துகள் போலவே இருந்தது. அது மேலிருந்து விழ வேண்டும். அதற்குப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் போனில் படமெடுத்து, வரிசையாக ஓட்ட வேண்டும். விழும்வரை சொல் ‘மணல’ என்று முடியாமல் நிற்கும்.

முதலில் எழுத்துகள். கறுப்புத் தாளில் கட்டரால் வெட்டினேன். எழுத்தின் உள்ளே இருக்கும் ஓட்டைகளை முதலில் வெட்டிவிட வேண்டும். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் பிடிக்க இடமில்லாமல் தாள் கிழிகிறது. வளைவுகளில் கையைத் திருப்பாமல் தாளைத் திருப்பினால் விளிம்பு பிசிறில்லாமல் வருகிறது. கனமாகத் தெரியட்டும் என்று கோடுகளைத் தடிமனாக வைத்திருந்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது ‘ண’வின் சுழிகள் அடைந்துபோய் வெறும் மைத்திட்டாகத் தெரிந்தது. ‘ண’வை மட்டும் நான்கு தடவை வெட்டினேன். சுழிகளைப் பெரிதாக்கி, கோட்டை அங்கே மட்டும் மெலிதாக்கிய பிறகுதான் எழுத்துக்கு மூச்சு வந்தது. இடைவெளியையும் ஸ்கேல் வைத்து அளந்தால் சரிப்படாது. அளவில் சமமாக இருந்தாலும் நேர்கோடுகள் அருகருகே நின்றால் நெருக்கமாகவும், வளைவுகள் நின்றால் விலகியும் தெரியும். கண் ஒத்துக்கொள்ளும்வரை நகர்த்தினேன்.

அப்புறம் ஒளி. ஜெர்மன் அனிமேஷன் கலைஞர் லாட்டே ரைனிகர் 1926-ல் வெளிவந்த தன் நிழலுருவப் படத்துக்குக் கண்ணாடி மேசைக்குக் கீழிருந்து ஒளி கொடுத்தார். நானும் அப்படியே முயன்றேன். எழுத்துகள் கூர்மையாக வந்தன, ஆனால் பின்னணியில் வைத்த மணல் நிறத் தாளின் சொரசொரப்பு மறைந்துவிட்டது. அந்தச் சொரசொரப்பை இழக்க மனமில்லை. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இரவில் மட்டும் வேலை. போனில் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) வெள்ளைச் சமநிலையையும் (நிறச் சாயல்) மாறாதபடி பூட்டிய பிறகும் படம் லேசாக மினுக்கியது. காரணம் என் வெள்ளைச் சட்டை. குனியும்போதெல்லாம் அதிலிருந்து ஒளி தாளில் விழுந்திருக்கிறது. கறுப்புச் சட்டைக்கு மாறியதும் நின்றது.

திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாக் காட்சிகள் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். 6 நொடிக்கு 72. முதல் முறை புள்ளியை ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு இறக்கினேன். ஓட்டிப் பார்த்தால் லிஃப்ட் இறங்குவதுபோல் இருந்தது, எடையே இல்லை. விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் கூடும் என்பது கலிலியோ சொன்ன கணக்கு. அதையே பிடித்துக்கொண்டேன். முதல் நகர்வு அரை செ.மீ., அடுத்தது ஒன்றரை, இப்படி ஐந்து நகர்வில் பன்னிரண்டரை செ.மீ. அவ்வளவுதான், புள்ளி விழுந்தது! அது தொடும் இடத்தில் ‘ல’வை 2 மி.மீ. கீழே அழுத்தி, இரண்டு படங்களில் மெல்ல மேலே கொண்டுவந்தேன். ஒரு தாள் துண்டுக்கு அவ்வளவு கனம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கடைசி ஒன்றரை நொடியில் எதுவும் அசையாது. ஒரே படத்தை நிறுத்தியபோது அந்த இடம் செத்துக் கிடந்தது. எழுத்துகளை எடுத்துத் திரும்ப வைத்து மூன்று படங்கள் எடுத்து, அவற்றையே சுழற்றினேன். இப்போது நின்றபடியே லேசாகத் துடிக்கின்றன.

இனி அட்டை. முடிந்த ஃபிரேமைத்தான் அட்டையாக்குவதாக இருந்தேன். ஆனால் எல்லாப் படங்களையும் பரப்பிப் பார்த்தபோது கண் போய் நின்றது, புள்ளி இன்னும் விழாமல் தொங்கும் ஃபிரேமில். மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்கிறது தொல்காப்பியம். ஆனால் ஓலை கிழிந்துவிடும் என்று சுவடிகளில் புள்ளி இல்லாமலே எழுதினார்கள். படித்தவர்கள்தான் மனத்தில் புள்ளி வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் என் புள்ளியையும் பார்ப்பவர் இறக்கிக்கொள்வார் அல்லவா? மூன்று பேரிடம் காட்டினேன். இரண்டு பேர் தயங்காமல் ‘மணல்’ என்று படித்தார்கள். மூன்றாமவர், “மேலே என்ன அது, நிலாவா?” என்று கேட்டார்.

புள்ளியை 4 மி.மீ. கீழே இறக்கியிருக்கிறேன். நாளை வேறு மூன்று பேரிடம் காட்ட வேண்டும்.