லேகாக்கில் இரண்டு இரவுகள்

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்

சிப்பனம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்து, பிற்பகலில் லேகாக் வந்து சேர்ந்தேன். இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள இந்தக் கிராமத்தின் தெருக்களில் மின்கம்பியோ தொலைக்காட்சி ஆன்டெனாவோ கண்ணில் படுவதில்லை. மட்டில்டா டால்போட் என்னும் சீமாட்டி 1944-இல் தம் குடும்ப மாளிகையான லேகாக் அபேயையும் அதனோடு கிராமத்தையும் பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டதால், பெரும்பாலான வீடுகளில் குடியிருப்போர் இன்று அந்த அமைப்பின் வாடகைதாரர்களே.

நான் தங்கும் வீட்டின் அறை வாசலில் நிலை மிகத் தாழ்வு. வீட்டுக்கார அம்மையார் எச்சரித்து முடிப்பதற்குள் நெற்றியை இடித்துக்கொண்டேன். தரையும் ஒருபுறம் சரிந்திருப்பதால் கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்திருக்கிறார்கள்.

கட்டணத்தில் படுக்கையும் காலை உணவும் மட்டுமே சேர்த்தி என்பதால் இரவுச் சாப்பாட்டுக்கு ஜார்ஜ் இன் என்னும் மதுவிடுதிக்குப் போனேன். அங்கே கணப்படுப்பின் அருகே ஒரு மரச்சக்கரம் இருக்கிறது. முற்காலத்தில் அதற்குள் ஒரு சிறிய நாயை ஓடவிட்டு, அடுப்பில் வாட்டும் இறைச்சியைச் சுழலவைத்தார்களாம். இறைச்சி உண்ணாத எனக்கும் அந்த நாயின் மேல் இரக்கம் வந்தது.

செப்டம்பர் 18, புதன்

காலை உணவுக்கு என்ன வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும் என்பதை முந்தைய இரவே ஒரு சீட்டில் எழுதிக் கதவருகே வைத்துவிட வேண்டும். பன்றி இறைச்சியும் சாசேஜும் விலக்கி, முட்டை, வாட்டிய தக்காளி, காளான், பீன்ஸ், ரொட்டி என்று எழுதியிருந்தேன். அம்மையார் அவற்றோடு தாம் செய்த மார்மலேடையும் வைத்தார். ஆரஞ்சுத் தோலின் கசப்பு நாக்கில் நெடுநேரம் நின்றது.

பிறகு அபேக்குச் சென்றேன். 13ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடமாக எழுந்த அந்தக் கட்டடம், எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபின் வில்லியம் ஷாரிங்டன் கைக்கு வந்தது. அவர் தேவாலயத்தை இடித்துவிட்டு, கன்னியர் நடந்த தூண் தாழ்வாரங்களை விட்டுவைத்தார். மட்டில்டாவின் பாட்டனாரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட், தெற்குக் கூடத்தின் சாளரத்தை 1835 ஆகஸ்டில் படம்பிடித்தார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா நெகட்டிவ் அதுதான். 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வரைய உதவும் கருவி வைத்தும் ஓவியம் கைவராத எரிச்சலே அவரை இந்த ஆய்வில் இறக்கியது. கை வராததை ஒளியே வரையட்டும் என்று, காகிதத்தை உப்புநீரிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்துச் சிறு மரப்பெட்டிகளுக்குள் வைத்தார். எலிப்பொறி போலிருந்த அப்பெட்டிகளை அவருடைய மனைவி அவ்வாறே அழைத்தார். தபால்தலை அளவே உள்ள அந்தப் படத்தில், எடுத்த புதிதில் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் ஏறத்தாழ 200 கண்ணாடிச் சில்லுகளையும் எண்ண முடிந்தது என்று டால்போட் அதன் அருகிலேயே குறித்துவைத்தார்.

நான் அந்தச் சாளரத்தின் சில்லுகளை எண்ணத் தொடங்கினேன். பின்னால் வந்த கூட்டம் நகரச் சொன்னதால் பாதியில் விட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

பகல்நேரப் பயணிகள் வருவதற்கு முன், ஏழு மணிக்கே எழுந்து செயின்ட் சிரியாக் தேவாலயம்வரை நடந்தேன். ஒரு வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை வெளியே இழுத்துவந்தார். இன்னொருவர் காரின் கண்ணாடியைத் துடைத்தார். நேற்று வேடிக்கை பார்ப்பவர்கள் மொய்த்த தெரு இவர்களுக்கு வெறும் வீட்டு வாசல்.

காலை உணவின்போது, சில்லுகளை எண்ணி முடித்தீர்களா என்று அம்மையார் கேட்டார். கைபேசியில் எடுத்த படத்தை இருவரும் பெரிதாக்கிப் பார்த்தோம். வெயில் பட்டு மேல்வரிசை முழுவதும் வெளுத்துப்போயிருந்தது.