பழைய பாக்ஸ்ப்ரோவிலிருந்து சேல்ஸ்ஃபோர்ஸுக்கு: வாடிக்கையாளர் தரவை மாற்றிய அனுபவம்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் டீலர் பட்டியல் தொண்ணூறுகளில் பாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்ட நிரலிலும், கணக்கு டாலியிலும், சர்வீஸ் புகார்கள் கிளைகள் தனித்தனியே வைத்திருந்த எக்செல் கோப்புகளிலும் இருந்தன. பாக்ஸ்ப்ரோவின் பிந்தைய வடிவமான விஷுவல் பாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2015 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. நிரலை எழுதியவரும் ஓய்வு பெற்றுவிட்டதால், கணக்கை டாலியிலேயே விட்டுவிட்டு மற்றவற்றைச் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இணையவழி வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளுக்கு மாற்ற நிர்வாகம் முடிவெடுத்தது.

பாக்ஸ்ப்ரோவில் ஒரு பதிவை 'டெலீட்' செய்தால் அது கோப்பைவிட்டுப் போவதில்லை. பதிவின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' கட்டளை கொடுத்தால்தான் அது உண்மையில் நீங்கும். எங்கள் கோப்பில் நெடுங்காலமாக அந்தக் கட்டளை கொடுக்கப்படவில்லை. ஆகவே முதல் சோதனை ஏற்றுமதியில், கடையை மூடிவிட்டவர்களும் காலமானவர்களும் நடப்பு டீலர்களாக வந்து நின்றார்கள். குறியிட்ட பதிவுகளைப் பிரித்தெடுத்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்கினோம்.

எங்கள் உழைப்பை அதிகம் கேட்டது முகவரிப் பத்திதான். பழைய நிரலில் குறிப்பு எழுதத் தனி இடம் இல்லாததால், ஊழியர்கள் முகவரியின் மூன்றாம் வரியை அதற்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 'செக் வேண்டாம்', 'தம்பியிடம் மட்டும் பேசவும்', 'சரக்கை லாரி ஷெட்டில் இறக்கவும்' என்று பல ஆண்டு வியாபார அறிவு அந்த வரியில் இருந்தது. முகவரியைச் சீராக்கும் மென்பொருள் இவற்றைக் குப்பை என்று கருதி நீக்கிவிடும். அதற்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை. வசூல் பிரிவிலும் டெஸ்பாட்ச் பிரிவிலும் நீண்டகாலம் இருப்பவர்களுடன் உட்கார்ந்து, பணம் பெறும் முறை, இறக்குமிடம், பேச வேண்டிய நபர் எனத் தனித்தனிப் பத்திகளாகப் பிரித்தோம். ஒருவருடைய உடல்நிலை, குடும்பத் தகராறு பற்றிய குறிப்புகளை மட்டும் ஏற்றாமல் விட்டோம். விற்பனையாளர்கள் அனைவரும் கைபேசியில் பார்க்கப்போகும் பக்கத்தில் அவை இருப்பது அந்த டீலருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஒரே கடை 'ஸ்ரீ' சேர்த்தும் சேர்க்காமலும், 'ஏஜென்சி' என்றும் 'ஏஜென்சீஸ்' என்றும் பலமுறை பதிவாகியிருந்தது. பெயரை நம்பி இவற்றை இணைப்பது ஆபத்து. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலத்தையும் (தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32), அடுத்த பத்து பான் எண்ணையும் குறிப்பதால், பான் எண்ணைக் கொண்டு தலைமை நிறுவனத்தையும் முழு எண்ணைக் கொண்டு அதன் ஒவ்வொரு ஜிஎஸ்டி பதிவையும் அடையாளம் கண்டோம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத விவசாயிகளுக்கும் பிளம்பர்களுக்கும் கைபேசி எண்ணைப் பார்த்தோம். அண்ணன் தம்பிகள் ஒரே எண்ணைக் கொடுத்திருந்த இடங்களில் கிளை மேலாளரைக் கேட்காமல் எதையும் இணைக்கவில்லை.

எக்செல் கோப்புகளில் வேறு வகைச் சிக்கல். 0422 என்ற கோவைக் குறியீட்டின் முன்சுழி காணாமற்போயிருந்தது. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தாலும், நாள் 12-க்குள் இருந்தால் அது சரியான தேதி போலவே தோன்றும். பில் எண்ணின் வரிசையோடு ஒப்பிட்டே அவற்றைப் பிடிக்க முடிந்தது. சேல்ஸ்ஃபோர்ஸின் 15 எழுத்து அடையாள எண்ணில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்செலின் வி-லுக்கப் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. எனவே அந்த வேறுபாட்டைப் பார்க்காவிட்டாலும் குழப்பம் வராத 18 எழுத்து வடிவத்தை மட்டுமே பயன்படுத்துவது என்று விதி வைத்துக்கொண்டோம்.

ஏற்றும்போது நிறுவனங்கள் முதலில், தொடர்பு நபர்கள் அடுத்து, விற்பனை வாய்ப்புகளும் புகார்களும் கடைசியில் என்ற வரிசை கட்டாயம். பழைய டீலர் குறியீட்டை 'எக்ஸ்டர்னல் ஐடி'யாக, அதாவது ஏற்கெனவே உள்ள பதிவைக் கண்டுகொள்ள உதவும் வெளி அடையாள எண்ணாக, வைத்ததால், ஒரே கோப்பை மறுபடி ஏற்றினாலும் பதிவு இரட்டிக்கவில்லை. தானியங்கி மின்னஞ்சல்களை முன்கூட்டியே நிறுத்தினோம். இல்லையெனில் இருபது ஆண்டு பழகிய டீலருக்குப் புது வாடிக்கையாளருக்கான வரவேற்புக் கடிதம் போயிருக்கும். பதிவு உருவான தேதிக்குப் பழைய தேதியையே இட வேண்டுமென்றால் அதற்கான அனுமதியை ஏற்றுவதற்கு முன்பே பெற வேண்டும், பின்னர் திருத்த வழியில்லை. டீலர் எத்தனை ஆண்டு பழக்கம் என்பதை வைத்தே எங்கள் கடன் வரம்பு அமைவதால், இதை நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினேன்.

ஏற்றி முடித்த பின் பதிவுகளின் எண்ணிக்கை பொருந்தியது என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு டீலரின் நிலுவையையும் டாலி லெட்ஜரோடு ஒப்பிட்டு, கிளை மேலாளரிடம் கையெழுத்துப் பெற்றோம். பழைய கணினி இன்னும் இருக்கிறது. படிக்கலாம், எழுத முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும் என்பதால், அதுவரை அதை அகற்றப் போவதில்லை.