கால் வீங்கினால் மனநல மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்

தம்பி இப்போது நடமாடுகிறான், கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் நாங்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேறு மாத்திரைகள் எதுவும் பலன் தராததால்தான் அவனுக்கு க்ளோசபின் என்ற மனநல மாத்திரையை ஆரம்பித்தார்கள். வாரா வாரம் வெள்ளை அணு டெஸ்ட், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் தூக்கம், எடையும் ஏறிவிட்டது, வேலூர் வெயிலில் தண்ணீர்கூட எழுப்பிக் கொடுத்தால்தான் குடிப்பான். அப்போதுதான் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுடச்சுட இருந்தது. குடியாத்தத்தில் காட்டிய டாக்டர் சதைப் பிடிப்பு என்று வலி மாத்திரை எழுதினார். அவன் சாப்பிடும் மருந்தைப் பற்றி நான் வாயெடுத்ததுமே, "அது தலைக்கு, இது காலுக்கு" என்றார்!

வேலூர் ஸ்கேன் சென்டரிலோ, "சீட்டுல கால் வலின்னுதான் இருக்கு, டாப்ளர்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். டாப்ளர் என்றால் ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்; அதை எழுதி வாங்கி வந்தால் ஸ்கேன் பார்க்கிற டாக்டர் கிளம்பிவிட்டார். சரி, இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கே போய்விட்டோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா, "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்று முதல் கேள்வியாகவே கேட்டார். அம்மா பர்ஸிலிருந்து அட்டையை நீட்டினார். அதன் பிறகு எல்லாம் வேகம்: தொடை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி, ஊசி, அப்புறம் ரத்தம் உறையாமலிருக்க ரிவராக்ஸபான் மாத்திரை.

க்ளோசபின், ஓலான்சபின் மாதிரி மனநல மருந்துகளில் இந்த ஆபத்து உண்டு; க்ளோசபினைப் பற்றி 2000-லேயே லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் அதிகம். கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் ஸ்கேன் சென்டர் பக்கமே போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அத்தோடு முடியவில்லை. வார்டு சார்ட்டில் க்ளோசபினை எழுத விட்டுவிட்டார்கள். ராத்திரி கேட்டால் சிஸ்டர், "சார்ட்ல இல்லாதத குடுக்க முடியாதுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும், அவன் தெளிந்து வந்ததெல்லாம் வீணாகும். மனநல டாக்டருக்கு போன் போட்டு, அவரை டூட்டி டாக்டரிடமே பேச வைத்து, கெடு தாண்டுவதற்குள் சார்ட்டில் ஏற்றிவிட்டேன். ரத்தக்கட்டிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே க்ளோசபினையும் தொடரலாம் என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுத்தார்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ரிவராக்ஸபான் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 20 ஒரு வேளை, சாப்பாட்டோடு. கூடவே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் போட்டுவிடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம். குடியாத்தத்து டாக்டர் எழுதியதும் அதுதான்.