கல்லடிப் பாலத்தில் ஒரு கை

காலையில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலம். முன்னால் போன பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் நாலு கார் நிற்கிற தூரம் விட்டுத்தான் வந்தேன். கண்மூடித் திறக்கிறதுக்குள்ளே அந்த இடத்துக்குள் ரெண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஓட்டோ.

அவங்களுக்கு அது சும்மா கிடக்கிற இடம். எனக்கு அதுதான் பிறேக்.

நான் ஓடினது அப்பாவின் மொறிஸ் மைனர் கார், 1958. 948 சீசீ. நாலு சில்லுக்கும் ட்ரம் பிறேக். தண்ணிக்குள்ளால வந்தால் ஒரு பக்கம் இழுக்கும். மெதுவாக ஓடிக்கொண்டே லேசாக மிதித்துக் காயவைக்க வேணும்.

திரும்புறதுக்குச் சிக்னல் போட்டால் கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சளாய் ஒரு சின்னக் கை எழும்பும். மைனருக்கு மினுங்கும் லைட் வந்ததே 1961இல்தான். பின்னுக்கு நான் லைட் பூட்டிட்டன். கையைக் கழற்ற அப்பா விடமாட்டார்.

அரசடியில் அந்தக் கை எழும்பினது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிச்சார். உள்ளே இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை மட்டும் அதைப் பார்த்திட்டுத் தானும் கையை வெளியே நீட்டினது!

1924இல் கட்டின பழைய பாலத்தில் ஒரு பக்கம் வர மறுபக்கம் காத்து நிற்கும். 2013இல் புதுப் பாலம் வந்த பிறகு ஆரும் ஆருக்கும் நிற்கத் தேவையில்லை. நல்லதுதான். ஆனா இந்த வண்டி அந்தப் பழைய பாலத்தில் ஓடிப் பழகினது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வழமையான கேள்வி: "கையையும் நீட்டினியா மனே?"

"ரெண்டு பேர் நீட்டினம் அப்பா."