மைசூர் ரோடு லாரி நாட்குறிப்பு

பிப்ரவரி 10, 2024

மாமாவின் மர மில்லுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் நிற்கும் லாரியைக் காயலான் கடைக்குப் போடுவதில்லை என்று இன்று முடிவாயிற்று. 1967 மாடல் டாட்டா மெர்சிடிஸ்-பென்ஸ். மூக்கு நீண்ட வண்டி, முன்பக்கம் மூன்று முனை நட்சத்திரம். டாட்டாவின் லாரிக் கம்பெனியான டெல்கோவும் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸும் 1954-இல் செய்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்தபின் நட்சத்திரம் போய், அந்த இடத்துக்கு டாட்டாவின் ‘டி’ வந்தது. எண் பலகை எம்.ஒய். என்று தொடங்குகிறது. மைசூர் மாநிலம் 1973 நவம்பரில் கர்நாடகம் ஆனது. லாரிக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

பெங்களூர் கலாசிப்பாளையத்திலிருந்து லாரி மெக்கானிக் மேஸ்திரி வந்தார். ஆம்பூர்க்காரர், பேச்சில் சிக்கனம். மாமா சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

“ஒரு பேட்டரி வைத்து ஸ்டார்ட் அடித்துப் பார்க்கலாமே?” என்றார் மாமா.

“ஓடிவிட்டால் எதை வைத்து நிறுத்துவீர்கள், முதலாளி?”

அத்தோடு வேலையின் வரிசை முடிவாகிவிட்டது. டயர், பிரேக், கடைசியில்தான் எஞ்சின். எஞ்சின் சத்தம் கேட்க ஆசைப்பட்ட எனக்கு ஏமாற்றம்தான்.

பிப்ரவரி 18

டயர்களைக் கழற்றினோம். ஓரச் சுவரில் தயாரிப்புக் குறியீடு மூன்று இலக்கம். 2000-க்குப் பிறகு வந்தவற்றில் நான்கு இலக்கம் இருக்கும், வாரமும் வருடமும். ஆகவே இவை போன நூற்றாண்டுச் சரக்கு. தரையில் படும் பட்டன் தேயவில்லை, கறுப்பும் மங்கவில்லை. விரலால் அழுத்தினால் மட்டும் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விரிகிறது. மாமாவுக்கு மனம் வரவில்லை. ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள மேஸ்திரி விடவில்லை.

பயப்பட வேண்டியது டயருக்கு அல்ல, லாக் ரிங்குக்கு. பழைய லாரிகளின் ரிம் ஒரே துண்டு அல்ல. டயரைப் பிடித்து வைப்பது ஒரு இரும்பு வளையம். துருவில் அது சரியாக உட்காராமல் காற்றடித்தால், பெயர்ந்து பறந்து எதிரே இருப்பவர் உயிரையே வாங்கும். சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்பே வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்டோம். பின்பக்க ஜோடிச் சக்கரங்களில் இரண்டிலும். புது டயர் மாட்டியபோது டயர் கடை பாய் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயில், தள்ளி நின்று காற்றடித்தார். கூண்டு இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மார்ச் 12

ஊரே தண்ணீருக்கு அலைகிறது. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்துவிட்டது. ஆகவே லாரியின் அடிப்பகுதிக்குக் கம்பி பிரஷ்ஷும் டீசலும்தான்.

இன்று பிரேக். நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் மில்லின் மத்திக் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். பொருளுக்குப் பஞ்சமில்லாத இடம். டிரம்மைக் கழற்றியதும் மேஸ்திரியின் உதவிப் பையன் வழக்கம்போல ஏர் பைப்பை எடுத்தான். மேஸ்திரி அதட்டினார். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூளை ஊதினால் நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டினோம்.

சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரைத் திறந்தால் உள்ளே காப்பிக் கஷாயம் போல ஒரு திரவம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வண்டி சும்மா நிற்க நிற்க உள்ளே தண்ணீர் சேர்ந்து சுவரை அரிக்கும். ரப்பர் கப்புகள் ஊதிப் பிசுபிசுத்துவிட்டன. ஒரு சிலிண்டரின் குழி நகத்தில் சிக்கியது. தேய்த்து மாட்டலாமா என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஜே.சி. ரோட்டில் மூன்றாவது கடையில் புதிது கிடைத்தது. இரும்புக் குழாய், ஹோஸ் எல்லாம் மாற்றியாயிற்று. டிரம் லேத் பட்டறைக்குப் போயிருக்கிறது.

மார்ச் 30

டீசல் பம்ப்பைக் கழற்றினோம். மேலே பெயர்த் தகடு: மைக்கோ, பெங்களூர். 1951-இல் தொடங்கிய கம்பெனி, ஆலை ஆடுகோடியில் இருந்தது. பம்ப் பிறந்த ஊரிலேயே சர்வீஸுக்குப் போகிறது. டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் இறுகியிருந்தது.

ரேடியேட்டர், ஹோஸ், ஃபேன் பெல்ட், கமான் பட்டையின் ஷேக்கிள் பின்கள்: நாள்பட்ட வேலை, சொல்ல ஒன்றுமில்லை.

ஏப்ரல் 13

காகித வேலை. 2021-இல் வந்த விண்டேஜ் விதிகள் நமக்கு உதவும் என்று நினைத்திருந்தேன். 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசை எண், 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுப் பதிவு. ஆனால் அது வணிகம் சாராத சொந்த வண்டிகளுக்கு மட்டும். ஆர்.சி.யில் சரக்கு வாகனம் என்றிருக்கும் லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுதான் வழி. மாமா வரியைக் கட்டினார். முணுமுணுத்தது தனிக் கதை.

ஏப்ரல் 20

பையன் ஓட்டுப் போட ஊருக்குப் போய்விட்டு இரவோடு இரவாகத் திரும்பிவிட்டான். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்திருந்தோம். முதலில் கையால் சுற்றிப் பார்த்தோம். சுழன்றது. பிறகு நாசில் மாட்டி, ஃபில்டரின் பிளீடிங் திருகைத் தளர்த்திக் கை பம்ப்பை அடித்தால் நுரை, நுரை, பிறகு தெளிந்த டீசல்.

சாவி போடும் முன் மேஸ்திரி அளவாக ஒரு தேக்குப் பலகை கேட்டார். பம்ப் ரேக் மறுபடி சிக்கினால் எஞ்சின் தறிகெட்டு வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் டீசல் எஞ்சின் நிற்காது. காற்றுக் குழாயின் வாயை அடைத்தால்தான் நிற்கும். பலகையோடு பையன் எஞ்சின் பக்கத்தில் நின்றான்.

டேஷ்போர்டில் ஓட்டையிட்ட மூடிக்குள் சிறு கம்பிச் சுருள். ஹீட்டர் பிளக்குகளோடு தொடர் இணைப்பில் இருப்பது. ஒரு பிளக் போனாலும் இது சிவக்காது. மெல்லச் சிவந்தது. ஸ்டார்ட்டர் இழுத்தது, வெள்ளைப் புகை கக்கிற்று, இரண்டு சிலிண்டர் பேசின, பிறகு ஆறும். பலகைக்கு வேலை இல்லை. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், புகைக்காகத்தான் என்றார்.

மே 5

எஃப்.சி. இல்லாமல் ரோட்டில் இறங்கக் கூடாது. மில் வளாகத்துக்குள்ளேயே முதல் கியரில் ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஓட்டம். ஒவ்வொரு முறையும் இறங்கி டிரம்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். இடது முன்சக்கரம் மட்டும் சுட்டது. அட்ஜஸ்டரைத் தளர்த்தியதும் மற்ற மூன்றோடு சேர்ந்துகொண்டது. பிரேக் குழாய்களில் மறுபடி காற்று எடுத்தோம், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி. பெடல் இப்போது பாதியிலேயே கல்லாக நிற்கிறது.

மே 21

இன்ஷூரன்ஸ் எடுத்தாயிற்று. மேஸ்திரி ஓட்ட, எஃப்.சி. சோதனைக்குப் போனோம். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முழுத் தோளும் வேண்டும். சிக்னலில் ஆட்டோக்காரர் ஒருவர் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, பென்ஸா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

பிரேக்கில் குறை சொல்லவில்லை. பிரதிபலிப்பு ஸ்டிக்கர்தான் இல்லை: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அழகு கெட்டுவிடும் என்று மாமா முகம் சுளித்தார். இரவில் பின்னால் வருகிறவனுக்கு அழகு தெரியாது என்றார் மேஸ்திரி. நாளை ஜே.சி. ரோட்டில் மூன்று நிறத்திலும் சுருள் வாங்க வேண்டும்.