500 பவுண்டுக்குள் ஒரு சைக்கிள்

பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளுக்குப் பிறகு எனக்கென்று ஒரு சைக்கிள் வந்தது முப்பத்தைந்து வயதில்தான். நடுவில் கல்யாணம், கடல் தாண்டல், இரண்டு பிள்ளைகள். இப்போது கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். என் வேலை ஒயிட்சாப்பலில் ஓர் அலுவலகத்தில். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடும். அதனால் ரயில் காசை மிச்சம் பிடிக்க சைக்கிள் வாங்கினேன் என்று சொன்னால் அது பொய். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். எங்கள் வீட்டில் அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோருக்கும் இருப்பதுதான். ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருந்த அனுபவம் ஏற்கெனவே இருந்ததால், தினமும் எப்படியும் செய்தே ஆகவேண்டிய ஒன்றோடு உடற்பயிற்சியைக் கோத்துவிடலாம் என்று தோன்றியது.

‘சைக்கிள் டு வொர்க்’ திட்டம் எங்கள் அலுவலகத்தில் இருப்பது தெரியும். மின்னஞ்சல் வரும், படிக்காமல் அழித்துவிடுவேன். பிரிட்டனில் இது 1999 முதல் இருக்கிறது. சைக்கிளை வாங்குவது நம் முதலாளி. அவர் அதை நமக்கு வாடகைக்கு விடுகிறார். வாடகையை வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்திலிருந்து, பெரும்பாலும் 12 மாதங்களில், எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகைக்கு வருமான வரியும் கிடையாது, தேசியக் காப்பீட்டுப் பிடித்தமும் கிடையாது. அடிப்படை வரி கட்டும் என்னைப் போன்றவர்களுக்கு 20-ம் 8-ம் சேர்ந்து 28 சதவீதம் மிச்சம். அதற்கு மேல்தட்டு வரி கட்டுகிறவர்களுக்கு 42. சம்பளம் கூடக்கூடத் தள்ளுபடியும் கூடுகிறது என்பது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

உறுத்தலுக்கு வீட்டிலேயே காரணம் இருந்தது. என் கணவர் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். அங்கே இந்தத் திட்டமே இல்லை, இருந்திருந்தாலும் அவருக்குப் பயன்பட்டிருக்காது. பிடித்தம் போக நிற்கும் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. 2024 ஏப்ரலில் அது மணிக்கு 11.44 பவுண்டு. அப்போது அவர் வாங்கியதும் அதே 11.44. ஒரு பென்னிகூடப் பிடிக்க இடமில்லை. அவரைப் பாதுகாக்க வந்த விதி, அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குவது வருடத்துக்கு இரண்டு முறை. வசந்த காலச் சுற்றை மூன்று நாளில் கோட்டைவிட்டேன். செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது புலம்பினேன், ஆனால் அந்த இடைவெளிதான் என்னைக் காப்பாற்றியது. அதுவரை நான் மனதில் வைத்திருந்தது 780 பவுண்டு சைக்கிள். மாதம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் எதுவும் மலிவாகத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாமல், ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். 12 மாதம் கட்டி முடித்தாலும் சைக்கிள் நம்முடையதாகாது என்று அதில் இருந்தது. சொந்தமாக்க வேண்டுமானால் அன்றைய சந்தை மதிப்பைத் தர வேண்டும். அந்த மதிப்புக்கு வரித்துறை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. வாங்கி ஒரு வருடம் ஆன சைக்கிளுக்கு, வாங்கிய விலை 500 பவுண்டுக்குக் கீழ் என்றால் அந்த விலையில் 18 சதவீதம். 500-ம் அதற்கு மேலும் என்றால் 25.

காய்கறிப் பட்டியல் எழுதும் நோட்டில் கணக்குப் போட்டேன். 28 மிச்சம் பிடித்து 25 திருப்பிக் கொடுத்தால் கையில் நிற்பது நூற்றுக்கு 3. இந்த 3 சதவீதத்துக்கா இவ்வளவு படிவம்? கடையில் பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் அதைவிட அதிகம் கிடைக்குமே.

அடுத்த பத்தியில் வழியும் இருந்தது. உடனே வாங்காமல் இன்னும் மூன்று வருடம் வாடகையிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மாதத் தொகை கிடையாது, ஒரு சின்ன வைப்புத்தொகை மட்டும்: 500-க்குக் கீழ் என்றால் 3 சதவீதம், மேலே என்றால் 7. நான்கு வயதான சைக்கிளுக்கு அட்டவணை சொல்லும் மதிப்பும் அதே 3, அதே 7. எனவே அந்த வைப்புத்தொகையே விலையாகிவிடும், சைக்கிள் நமதாகிவிடும். எங்கள் திட்டத்தில் இந்த 500 என்பது சைக்கிளும் துணைப்பொருள்களும் சேர்ந்த தொகை. அன்றைக்கே முடிவு செய்தேன், மொத்தமும் 500-ஐத் தொடக் கூடாது.

“ஏம்மா, ரெண்டு வீலுக்கு இவ்வளவு கணக்கா?” என்றார் கணவர்.

சைக்கிள் தேடப்போனபோதுதான் ஊருக்கும் இங்கேக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. நம் ஊரில் சைக்கிள் வாங்கினால் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் சேர்ந்து வரும். இங்கே கடையில் நிற்பதில் பாதிக்குமேல் உரித்த கோழி மாதிரி இருக்கும். மணி மட்டும் இருக்கும், அதுவும் புதுச் சைக்கிளை மணியில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால். மழை நாட்டில் மட்கார்டு இல்லாமல் வேலைக்குப் போனால் முதுகு நடுவில் சேற்றுக்கோடு விழும். ஆகவே விலைச்சீட்டில் இருப்பது விலை அல்ல. மட்கார்டு, கேரியர், விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் கூட்டின பிறகு வருவதுதான் விலை.

டிரெக், ஜயன்ட், கரேரா, டெக்கத்லானின் ரிவர்சைட் என்று பல ‘ஹைபிரிட்’ சைக்கிள்களைப் பார்த்தேன். ரோடு சைக்கிளின் வேகமும் மலை சைக்கிளின் நிமிர்ந்த உட்காரலும் கலந்த ரகம் அது. கடை கடையாக ஏறி இறங்கியதில் எனக்குள் சில பிடிவாதங்கள் வளர்ந்தன. முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் வேண்டவே வேண்டாம். இந்த விலையில் வரும் ஸ்பிரிங் எடையைத்தான் கூட்டும், குலுங்கலைக் குறைக்காது. மட்கார்டும் கேரியரும் மாட்ட ஃபிரேமில் திருகுத் துளை இருக்க வேண்டும், குனிந்து பார்த்தால் தெரியும். டயர் 38 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், என் பாதையில் கொஞ்ச தூரம் கரடுமுரடு. கியர் எட்டு போதும். கிழக்கு லண்டன் தட்டையான ஊர், 21 கியரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரேக் டிஸ்க்காக இருந்தால் மழையில் நிம்மதி. ஆயில் டிஸ்க் நல்லது என்றார்கள், என் காசுக்குக் கேபிள் டிஸ்க்தான் எட்டியது. குறையொன்றும் இல்லை.

அளவுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், நான் கடைசியாக யோசித்ததும் அதுவே. என் உயரம் ஐந்தடி ஒன்று. ஒரு கடையில் நடுத்தர அளவைக் காட்டி “சீட்டை இறக்கிக்கொள்ளலாம்” என்று விற்கப் பார்த்தார்கள், அது மட்டும்தான் இருப்பில் இருந்தது போலிருக்கிறது. ஏறி ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்ததில் பத்து நிமிடத்தில் தோள்பட்டை வலித்தது. சீட்டை இறக்கலாம், ஃபிரேமின் நீளத்தை என்ன செய்வது? இன்னொரு கடையில் 520 சைக்கிள் தள்ளுபடியில் 420-க்கு இருந்தது. திட்டத்தின் வவுச்சரில், அதாவது கடையில் காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் சீட்டில், வாங்குவேன் என்றதும், தள்ளுபடிச் சரக்குக்கு அது செல்லாது என்றார்கள். திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குக் கடை கமிஷன் தர வேண்டும், தள்ளுபடியும் கொடுத்துக் கமிஷனும் கொடுத்தால் கட்டாது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்குத்தான் ஒரு சனிக்கிழமை போயிற்று.

கடைசியில் மூன்றாவது கடையில், குறுக்குக்கம்பி தாழ்ந்த, சிறிய அளவு ஒன்று கிடைத்தது. நம் ஊர் லேடீஸ் சைக்கிளின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. மாடல் பெயரை எழுதாததற்குக் காரணம், அடுத்த வருடம் அதே பெயரில் வேறு பிரேக்கும் வேறு கியரும் வரும். விலை 370. மட்கார்டு 26, கேரியர் 24, முன்னும் பின்னும் விளக்கு 22. டி வடிவப் பூட்டு 47. பூட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ‘சோல்ட் செக்யூர்’ அமைப்பின் தங்கத் தரம் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். பூட்டில் கஞ்சம் பிடிக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், ஆனால் சைக்கிள் திருட்டுப்போனாலும் மீதி மாதங்களுக்குப் பிடித்தம் நிற்காது என்று ஒப்பந்தத்தில் படித்தது ஞாபகம் வந்தது. மொத்தம் 489. ஹெல்மெட் இங்கே கட்டாயம் இல்லை. அதைச் சேர்த்தால் 500 தாண்டும் என்று தனியாகக் கைக்காசில் 18 பவுண்டுக்கு வாங்கினேன்.

விண்ணப்பம் போட்டு, மேலாளர் சம்மதித்து, வவுச்சர் மின்னஞ்சலில் வர ஒன்பது நாள். வவுச்சரில் எழுதிய தொகையைப் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஆகவே கடையில் எழுத்து மூலமாக விலைப்பட்டியல் வாங்கிய பிறகே விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டில் மாதம் 40.75 பிடித்தார்கள், ஆனால் கைக்கு வருவதில் குறைந்தது 29.34 மட்டும். நடுவில் வேலையை விட்டால் பாக்கி முழுவதையும் கடைசிச் சம்பளத்தில் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு வரிச்சலுகை கிடையாது. வேலை மாறும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதை முதலில் யோசிக்கட்டும்.

சைக்கிள் வந்தும் இரண்டு வாரம் ஓட்டவில்லை, பயம். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டம் என்றாலும், ஊர்க் கம்மாய்க்கரையில் ஓட்டியது வேறு, இரட்டைமாடிப் பேருந்துக்குப் பக்கத்தில் ஓட்டுவது வேறு. நகராட்சியில் பெரியவர்களுக்கு இலவசப் பயிற்சி உண்டு என்று அறிந்து பதிவு செய்தேன். பயிற்சியாளர் அம்மா முதலில் சொன்னது, நடைபாதையை ஒட்டிப் பம்மாதே என்று. நிறுத்திய கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளி, தைரியமாகச் சாலையில் இடம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அது கைவர ஒரு மாதம் ஆயிற்று.

பாதை எனக்கு அதிர்ஷ்டம். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் சவுத்தில் கிரீன்வே மேல் ஏறினால் ஸ்ட்ராட்ஃபோர்டு வரை கார் கிடையாது. அந்தப் பச்சைப் பாதைக்குக் கீழே ஓடுவது லண்டனின் சாக்கடை! 1858-இல் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் பாராளுமன்றமே மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகு ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் கட்டிய பெருங்குழாயின் முதுகு அது. வெயில் நாளில் லேசாக வாடை வரும். வழியில் ஏபி மில்ஸ் நீரேற்று நிலையம் கோபுரம் வைத்த கோயில்போல நிற்கும். அப்புறம் ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஒயிட்சாப்பல் வரை பிரதான சாலையிலேயே சைக்கிளுக்கெனப் பிரித்த தடம். மொத்தம் ஆறரை மைல், எனக்கு 45 நிமிடம். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் திரும்பும்போது கிரீன்வேயை விட்டுவிட்டு விளக்குள்ள தெருக்கள் வழியாக வருவேன். ஐஸ் பிடித்த நாளில் ரயில்தான். வாரம் மூன்று நாள் என்று வைத்திருக்கிறேன், வீராப்பு எதுவும் இல்லை.

இதற்கிடையில் கணவர், பழைய சைக்கிளைச் சரிசெய்து விற்கும் ஒரு தொண்டுப் பட்டறையில் 95 பவுண்டுக்கு ஒரு இரும்புச் சைக்கிளை வாங்கிவந்தார். வரிச்சலுகை இல்லை, அட்டவணை இல்லை, கையெழுத்து ஒன்றுகூட இல்லை. என்னுடையதைவிடக் கனம், கியரில் பாதி விழாது, ஆனால் ஓடுகிறது. பழைய சைக்கிளைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு அதுவே மலிவு. எனக்குத் தெரியாது, அதனால் நோட்டில் கணக்குப் போட்டேன்.

2025 செப்டம்பரில் கடைசிப் பிடித்தம் முடிந்தது. அந்த வாரமே திட்ட நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். இப்போதே சொந்தமாக்க 88.02 பவுண்டு என்ற பொத்தான் பெரிதாக மேலே, நீட்டிப்பு வாடகைக்கு 14.67 என்பது பொடி எழுத்தில் கீழே. கீழே உள்ளதை அழுத்தினேன். எல்லாம் சேர்த்து 366.75 ஆயிற்று, ஹெல்மெட் தவிர. காகிதப்படி 2028 வரை சைக்கிள் அவர்களுடையது. சில நாளில் ஆயுத பூஜை வந்தது. இரண்டு சைக்கிளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் ஆளுக்கொரு சாமந்திச் சரம் சுற்றினோம். “உன்னுது வாடகை வண்டிதானே, அதுக்கு எதுக்குப் பூ?” என்று கேட்டுக்கொண்டே எலுமிச்சம்பழத்தை என் சக்கரத்துக்கடியில் வைத்தார்.