விளக்குக் கம்பத்தில் ஓர் அரிச்சுவடி

பெர்லினின் யு4 மெட்ரோவை மெட்ரோ என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். மொத்தமே ஐந்து நிலையங்கள். ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைப்பதற்குள் மூன்றாவது நிலையமான பாயெரிஷர் பிளாட்ஸ் வந்துவிட்டது. அக்காவும் அவள் மகளும் கூட வந்திருந்தார்கள். அக்கா இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் காய்கறிக் கடையோடு சரி. எனக்கு அதுவும் கிடையாது. எட்டு வயது மகள்தான் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். ஆகவே அன்றைக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். அது தப்பான ஏற்பாடு என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

ஷோனெபெர்க் பகுதியில் இருக்கும் இந்தப் பேட்டைக்கு பவேரியக் குடியிருப்பு என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான நடுத்தர வர்க்கத்துக்காகக் கட்டியது. டாக்டர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள் என்று யூதக் குடும்பங்கள் நிறைய வந்து சேர்ந்ததால் 'யூதர்களின் சுவிட்சர்லாந்து' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. ஐன்ஸ்டைன் ஹாபர்லாண்ட் தெருவில் குடியிருந்தார். 1932 டிசம்பரில் அமெரிக்கா கிளம்பியவர் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. அடுத்த மாதக் கடைசியில் ஹிட்லர் பிரதமர் பதவியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பார்க்க வந்தது ஐன்ஸ்டைன் இருந்த இடத்தை அல்ல, விளக்குக் கம்பங்களை. ரெனாட்டா ஸ்டீ, ஃப்ரீடர் ஷ்னாக் என்ற இரண்டு கலைஞர்கள் 1993இல் இந்தத் தெருக்களின் கம்பங்களில் 80 பலகைகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் ஒன்றிரண்டு வரி எழுத்து. படங்கள் எல்.கே.ஜி. சுவரில் தொங்கும் அட்டை மாதிரியே இருக்கும். ரொட்டி, பூனை, பெஞ்சு, தெர்மாமீட்டர், நீச்சல் ஜட்டி. பளிச்சென்ற வண்ணங்கள். மறுபக்கத்தில் இருப்பவை நாஜி அரசு யூதர்களுக்கு எதிராகப் போட்ட உத்தரவுகளும் அவற்றின் தேதிகளும்.

வாண்டுக்கு ஒரே குஷி. ஓடிப்போய் படத்தைச் சொல்வாள், பிறகு கம்பத்தைச் சுற்றி வந்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ரொட்டிக்குப் பின்னால்: பெர்லினில் யூதர்கள் சாப்பாட்டுச் சாமான் வாங்குவது மாலை நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் மட்டும். "ஏன் மாமா, அப்போதான் கடை திறக்குமா?" என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எதிர் வீட்டு பால்கனிப் பூக்களைப் பார்த்தாள்.

பூனை: யூதர்கள் வீட்டு விலங்குகள் வளர்க்கக் கூடாது. பெஞ்சு: இந்தப் பாயெரிஷர் பிளாட்ஸில் யூதர்கள் மஞ்சள் அடையாளமிட்ட பெஞ்சுகளில்தான் உட்காரலாம். சற்றுமுன் நாங்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது அந்தச் சதுக்கத்தில்தான். தரையில் கோடு போட்ட பாண்டிக் கட்டத்தின் படம் வந்தபோது அவள் துள்ளினாள். அவளுக்குப் பிடித்த விளையாட்டு. பின்பக்கம் போனவள் முழுசாகப் படித்தாள், ஆனால் உரக்கச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "சேர்ந்து விளையாடக் கூடாதாம்" என்று மட்டும் சொன்னாள். ஆரியக் குழந்தைகளும் ஆரியரல்லாத குழந்தைகளும். 1938. அதற்கப்புறம் நான் போனில் படம் எடுத்து, அதிலேயே மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டேன்.

முதன்முதலில் இந்தப் பலகைகளை மாட்டியபோது பேட்டைக்காரர்கள் மிரண்டு போலீசைக் கூப்பிட்டார்களாம். யாரோ புதிய நாஜிகளின் வேலை என்று நினைத்துவிட்டார்கள். போலீசும் சிலவற்றைக் கழற்றிக்கொண்டு போனது. பிறகுதான் இது நினைவுச் சின்னம் என்ற குறிப்பை ஒவ்வொன்றின் கீழும் ஒட்டினார்கள். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. நினைவுச் சின்னம் என்றால் மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போலீசுக்கு போன் போடவைத்த சின்னம் வேறு எங்கேயும் இருக்கிறதா தெரியவில்லை.

பலகைகள் கால வரிசையில் இல்லை. 1942க்குப் பக்கத்தில் 1933 இருக்கும். வீட்டுக்கு வந்து, சாப்பாடு முடிந்ததும் அடுக்களை மேஜையில் உட்கார்ந்து என் படங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன்.

1933 ஏப்ரல் 1, யூதர் கடைகளைப் புறக்கணிக்கும் நாள். அதே மாதம் அரசு வேலைகளிலிருந்து நீக்கம். ஜூலையில் சதுரங்கச் சங்கத்திலிருந்து, ஆகஸ்டில் பாட்டுக் குழுக்களிலிருந்து. யார் எங்கே சதுரங்கம் ஆடுகிறார்கள், யார் எங்கே பாடுகிறார்கள் என்பதையெல்லாம் ஓர் அரசாங்கம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்து குடியுரிமையும் கலப்புத் திருமணமும் போயின. 1936 ஜனவரியில் ஒரு விநோதம். ஒலிம்பிக் வருடம். வெளிநாட்டு விருந்தினர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று கடுமையான வாசகங்களை அகற்றச் சொல்கிறது ஓர் உத்தரவு. 'யூதர்கள் இங்கே விரும்பப்படுவதில்லை' என்பது போன்றவையே போதுமாம்!

1938தான் கனம். மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கினார்கள். ஜூலையில் பிரான்ஸின் எவியானில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றி அனுதாபமாகப் பேசின. அநேகமாக எல்லாரும் இடமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அதே மாதம் டாக்டர்களின் உரிமம் ரத்து, என் தெர்மாமீட்டர் படம் அதுதான். ஆகஸ்டில் ஆண்கள் பெயரோடு இஸ்ரேல் என்றும் பெண்கள் பெயரோடு சாரா என்றும் சேர்த்துக்கொள்ள உத்தரவு. அக்டோபரில் பாஸ்போர்ட்டில் சிவப்பாக ஒரு 'ஜே' எழுத்து, யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. நவம்பர் 9 இரவு யூதர்களின் ஜெபக்கூடங்கள் எரிந்தன, கடைக் கண்ணாடிகள் நொறுங்கின, சுமார் 30,000 ஆண்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். அத்தனையும் செய்துவிட்டு அபராதம் என்று 100 கோடி மார்க்கை யூதர்கள் தலையிலேயே கட்டினார்கள். போய்த் தொலைகிறோம் என்று கிளம்புகிறவர்களுக்கும் லேசில் விடுதலை இல்லை. வெளியேறும் வரி சொத்தில் கால் பங்கு, கையில் எடுத்துப்போக 10 மார்க்.

முன்சென் தெருவில் இருந்த ஜெபக்கூடம் அந்த இரவு தப்பித்தது. ஒட்டி வீடுகள் இருந்ததால் தீ வைக்கவில்லை. இன்று அந்த இடத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 1994 முதல் வருடாவருடம் செங்கற்களில் இந்தப் பகுதி யூதர்களின் பெயர்களை எழுதி அங்கே சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் அந்தப் பக்கமாகப் போனோம். அதற்குள் வாண்டுக்கு ஐஸ்கிரீம் வேண்டியிருந்தது.

வரிசையில் அடுத்த படம் 1.9.1939. போலந்துக்குள் ஜெர்மன் படை புகுந்த தேதி என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. இந்தப் பலகையில் போலந்தும் இல்லை, படையும் இல்லை. யூதர்கள் இரவு 8 மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, கோடைக் காலத்தில் 9 மணி. அவ்வளவுதான்.

மணி எட்டே முக்கால். ஜூன் மாதம், வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கீழே முற்றத்தில் வாண்டு யாருடனோ கத்திக்கொண்டிருந்தாள். அக்கா ஜன்னலைத் திறந்து, "மேலே வாடி, நேரமாச்சு" என்றாள். இன்னும் பத்து நிமிஷம் என்று பதில் வந்தது.